மேலதிகாரி அப்பா என்றால், எம்பிஏ பரிந்துரைக் கடிதம் யாரிடம் கேட்பது?

வெளிநாட்டு எம்பிஏ விண்ணப்பங்கள் பெரும்பாலும் முதலில் எதிர்பார்ப்பது உங்களுடைய தற்போதைய மேலதிகாரியின் கடிதத்தை. ஐடி கம்பெனியில் இருப்பவருக்கு மேனேஜரிடம் எப்படி வாயைத் திறப்பது என்ற தயக்கம் மட்டும்தான். திருப்பூரில் பனியன் ஏற்றுமதியிலோ, கோவையில் பம்ப்செட்டிலோ ஃபவுண்டரியிலோ, கரூரில் வீட்டு உபயோகத் துணியிலோ குடும்பக் கம்பெனியில் இருப்பவருக்கு மேலதிகாரி அப்பா. அவருக்கு மேலே பெரியப்பா. கணக்கு வழக்கு மாமா கையில். குடும்பத்தார் எழுதும் கடிதத்தைக் கல்லூரிகள் மதிப்பதில்லை, பல கல்லூரிகள் வேண்டாம் என்றே சொல்லிவிடுகின்றன. அப்பா எவ்வளவு கறாரான முதலாளியாக இருந்தாலும் அவர் எழுதக் கூடாது. சித்தப்பா, மாமா, மச்சான், சம்பந்தி வீட்டார் என்று யாரும் எழுதக் கூடாது.

கேட் நுழைவுத் தேர்வு எழுதி ஐஐஎம்களின் இரண்டு வருட பிஜிபி படிப்பில் சேர நினைப்பவருக்கு இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. அங்கே பொதுவாகப் பரிந்துரைக் கடிதம் முக்கியமில்லை. இந்தப் பதிவு ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட், இன்சியாட் போன்ற இடங்களுக்கு விண்ணப்பிக்கும் குடும்பத் தொழில்காரர்களுக்கானது.

முதலில், கடிதம் எழுதுபவரிடம் என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊரில் பரிந்துரைக் கடிதம் என்றால் லெட்டர்பேடில் நாலு வரி, கீழே சீல், கையெழுத்து. இது அப்படியில்லை. கடிதம் எழுதுபவரின் மெயிலுக்கு ஒரு லிங்க் போகும், அவர் உள்ளே நுழைந்து கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். பல கல்லூரிகளில் இரண்டு முக்கியமான கேள்விகள் ஒன்றேதான். ஒன்று, இதே மாதிரி பொறுப்பில் இருக்கும் மற்ற திறமைசாலிகளோடு ஒப்பிட்டால் இவர் எப்படி, உதாரணத்தோடு சொல்லுங்கள். இரண்டு, இவருக்கு நீங்கள் சொன்ன மிக முக்கியமான திருத்தம் எது, எந்தச் சூழலில் சொன்னீர்கள், அதை இவர் எப்படி எடுத்துக்கொண்டார். ஹார்வர்டில் முதல் கேள்விக்கு 300 வார்த்தை, இரண்டாவதற்கு 250 வார்த்தை என்று அளவு வைத்திருக்கிறார்கள். ஜிமேட் தேர்வை நடத்தும் ஜிமேக் அமைப்பு தயாரித்த பொதுப் பரிந்துரைப் படிவத்தைப் பல கல்லூரிகள் பயன்படுத்துகின்றன. அதிலும் இதே இரண்டு கேள்விகள்தான், ஒவ்வொன்றுக்கும் 500 வார்த்தை வரை. கூடவே 12 குணங்களுக்கு மதிப்பீடு செய்யும் ஒரு கட்டமும் உண்டு.

இந்த இரண்டு கேள்விகளையும் குடும்பக் கம்பெனிக்குள் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். ஒப்பிடுவதற்கு உங்களைப் போல் இன்னொருவர் அங்கே கிடையாது, முதலாளி மகன் ஒருவர்தான். திருத்தம் சொல்லக்கூடியவரும் அப்பாவைத் தவிர வேறு யாரும் இல்லை. சூப்பர்வைசரும் சொல்ல மாட்டார், அக்கவுண்டன்டும் சொல்ல மாட்டார். எனவே யாரைக் கேட்பது என்று தேடும்போது பதவி, படிப்பு, ஆங்கிலம் எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் இரண்டே சோதனை. இவர் உங்களிடம் "முடியாது" என்று சொல்லக்கூடிய இடத்தில் இருந்தவரா? உங்களைப் போல் நாலைந்து பேரை வேறு கம்பெனிகளில் பார்த்தவரா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் அவர்தான் உங்கள் ஆள். ஒன்றுக்கு மட்டும் ஆமாம் என்றால் இரண்டாவது கடிதத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் இல்லை என்றால் அவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

குடும்பத் தொழிலுக்கு வருவதற்கு முன் ஒன்றிரண்டு வருடம் வெளியே வேலை பார்த்திருந்தால், அந்த மேனேஜரை முதலில் பிடியுங்கள். சென்னையில் ஐடி கம்பெனியோ, பெங்களூரில் கன்சல்டிங்கோ, சிஏ ஆர்ட்டிகிள்ஷிப்போ, எதுவானாலும் சரி. அவர் உங்களுக்குச் சம்பள உயர்வு கொடுத்தவர், கொடுக்காமலும் இருந்தவர், உங்கள் பேட்ச்சில் பத்துப் பேரைப் பார்த்தவர். ஆனால் அது நாலு வருடம் பழைய கதை என்றால், இன்னொரு கடிதம் கண்டிப்பாக இப்போதைய வேலையைப் பற்றி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குடும்பத் தொழிலில் இவர் என்னதான் செய்தார் என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

பையர்

ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடும் ஆள் பையர். வெளிநாட்டு பையரின் சோர்ஸிங் மேனேஜர், அல்லது பையருக்காக இங்கே சரக்கு வாங்கித் தரும் பையிங் ஹவுஸில் உங்கள் ஆர்டரைப் பார்க்கும் சீனியர் மெர்ச்சண்டைசர், அல்லது அவர்களுடைய குவாலிட்டி மேனேஜர். இவர்கள் உங்கள் சரக்கை ரிஜெக்ட் செய்யக் கூடியவர்கள். ஒரே நேரத்தில் பத்து, பதினைந்து ஃபேக்டரிகளோடு பழகுகிறவர்கள், அதில் பாதி உங்களைப் போல் இரண்டாம் தலைமுறை நடத்துவது. முதல் கேள்விக்கு இவர்களைவிடப் பொருத்தமாகப் பதில் சொல்ல ஆள் கிடையாது.

இப்படி யோசித்துப் பாருங்கள். 5,000 பீஸ் லாட்டுக்கு ஃபைனல் இன்ஸ்பெக்ஷன். எவ்வளவு பழுது வரை ஏற்கலாம் என்று சொல்லும் ஏக்யூஎல் அளவு 2.5 என்ற கணக்கில் வழக்கமான இரண்டாம் நிலைச் சோதனை என்றால் 200 பீஸ் எடுப்பார்கள். பழுது 10 வரை பாஸ், 11 ஆனால் லாட் ஃபெயில். 14 வந்துவிட்டது, பாதி தையல் விட்டது, மீதி ஷேடு வித்தியாசம். இந்த இடத்தில் ஃபேக்டரிக்காரர் என்ன செய்தார் என்பது குவாலிட்டி மேனேஜருக்கு வருடக்கணக்கில் மறக்காது. சிலர் போன் போட்டு இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள் என்பார்கள். சிலர் டையிங் ஆள் மேல் பழி போடுவார்கள். ஒருவர் மட்டும் முழு லாட்டையும் திரும்ப செக்கிங் போட்டு, மூன்று நாள் தாமதத்தைத் தானே முதலில் சொல்லி, தேவைப்பட்டால் ஏர் ஃபிரைட் செலவு எங்களுடையது என்று மெயில் போட்டிருப்பார். "பழுது வந்தபிறகு சொல்கிறீர்கள், துணி காம்பேக்டிங்கிலிருந்து (தைப்பதற்கு முன் துணியைச் சுருக்கிப் பதப்படுத்தும் இடம்) வரும்போதே ஷேடு பிரச்சினை தெரிந்திருக்கும், அப்போதே சொல்லுங்கள்" என்று அந்த மேனேஜர் சொல்லியிருப்பார். அடுத்த சீசனிலிருந்து அந்த ஃபேக்டரிக்காரர் வாராவாரம் டி அண்ட் ஏ ஷீட்டில் (எந்த வேலை எந்தத் தேதிக்குள் என்ற அட்டவணை) எந்த ஸ்டைல் எங்கே நிற்கிறது என்று பச்சை, மஞ்சள், சிவப்பு போட்டு அனுப்பியிருப்பார். இரண்டு கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. "கடின உழைப்பாளி, அர்ப்பணிப்பு மிக்கவர்" என்று ஒரு வரிகூட எழுதத் தேவையில்லை.

பையரிடம் கேட்பதில் இரண்டு இடைஞ்சல். பெரிய பிராண்டுகளில் சப்ளையருக்குத் தனிப்பட்ட முறையில் பரிந்துரை கொடுக்கக் கூடாது என்று கம்பெனி விதி இருக்கலாம். ஆரம்பத்திலேயே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள், செப்டம்பர் கெடுவை வைத்துக்கொண்டு ஆகஸ்ட் கடைசியில் தெரிந்தால் மாற்று ஆள் கிடைக்காது. அந்த வேலையை விட்டுப் போய்விட்ட பழைய மேனேஜர் என்றால் இந்தச் சிக்கல் குறைவு. இன்னொன்று, மகன் இரண்டு வருடம் அமெரிக்கா போய்விட்டால் என் ஆர்டரை யார் பார்ப்பது என்ற கவலை அவருக்கு வரும். கேட்கப் போகும் அன்றே, உங்களுக்குப் பதிலாக யார், எந்த மாதத்திலிருந்து என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். விலை, ஆர்டர் தொகை போன்றவற்றை அவர் கடிதத்தில் எழுத முடியாது. சதவீதத்தில் எழுதினால் போதும்.

கம்பெனிக்குள் இருக்கும் ஆள்

குடும்பத்தைச் சேராத ஜிஎம், ஃபேக்டரி மேனேஜர், மெர்ச்சண்டைசிங் ஹெட். இவர்கள் எழுதலாம், ஆனால் எல்லோரும் எழுதலாம் என்றில்லை. நீங்கள் கம்பெனிக்குள் வந்த புதிதில் யாருக்குக் கீழே வேலை கற்றுக்கொண்டீர்கள் என்பதுதான் கேள்வி. கட்டிங் டேபிளில், கொள்முதலில், டிஸ்பேட்சில் உங்களை ஆறு மாதம், ஒரு வருடம் வேலை வாங்கியவர் இருந்தால், அந்தக் காலத்தைப் பற்றி அவர் எழுதலாம். இன்றைக்கு அவர் உங்களுக்கு ரிப்போர்ட் செய்கிறார் என்றால் அதையும் மறைக்காமல் எழுதச் சொல்ல வேண்டும். "2020ல் இவர் எனக்குக் கீழே, 2023லிருந்து நான் இவருக்குக் கீழே" என்று ஒளிவில்லாமல் எழுதும் கடிதத்துக்கு ஒரு தனி மதிப்பு உண்டு, இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

நேற்று வேலைக்குச் சேர்ந்த ஹெச்ஆர் மேனேஜரைப் பிடித்து எழுத வைப்பது வேலைக்கு ஆகாது. அவருடைய சம்பளம் உங்கள் அப்பா கையெழுத்தில் வருகிறது என்பது படிப்பவருக்குத் தெரியும். கடிதத்தில் ஒரு குறைகூட இல்லாமல் இருந்தால் அதற்கான காரணத்தை அவர்களே ஊகித்துக்கொள்வார்கள்.

எங்கள் கம்பெனியில் மொத்தமே பதினைந்து பேர், மேனேஜரே கிடையாது என்பவர்கள் இரண்டு கடிதத்தையும் வெளியிலிருந்தே வாங்கலாம். தவறில்லை. காரணத்தை மட்டும் விண்ணப்பத்தில் சொல்லிவிட வேண்டும், அதைக் கீழே பார்ப்போம்.

மற்றவர்கள்

ஆடிட்டரைத்தான் நம் ஊரில் எல்லோரும் முதலில் நினைக்கிறார்கள். படித்தவர், ஆங்கிலத்தில் நன்றாக எழுதுவார், குடும்பத்தை இருபது வருடமாகத் தெரியும். அந்தக் கடைசி விஷயம்தான் பிரச்சினை. அவருக்குத் தெரிந்தது குடும்பத்தை. உங்களை அவர் பார்ப்பது பைலோடு வரும்போது, வருடத்தில் நாலு தடவை. ஜிஎஸ்டி வந்தபோது 2017ல் பழைய கணக்கை மாற்றியதிலோ, கம்பெனிக் கணக்கு முழுவதையும் ஒரே சாஃப்ட்வேரில் கொண்டுவரும் ஈஆர்பி போட்டதிலோ, ஸ்டாக் கணக்கைச் சரிசெய்ததிலோ நீங்கள் அவரோடு மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தால் தாராளமாகக் கேளுங்கள். இல்லை என்றால் வேண்டாம். இன்னொன்றும் உண்டு, ஜூலையிலிருந்து அக்டோபர் வரை ஆடிட்டர் ஆபீசில் மூச்சுவிட நேரம் இருக்காது. டேக்ஸ் ஆடிட் அறிக்கைக்கு வழக்கமான கெடு செப்டம்பர் 30. முதல் ரவுண்டு விண்ணப்பங்களின் கெடுவும் அதே செப்டம்பரில்தான் வரும். அந்த நேரத்தில் அவரிடம் ஐந்து கல்லூரிக்குக் கடிதம் கேட்டால், ஜூனியரிடம் கொடுத்து ஐந்துக்கும் ஒரே மாதிரி எழுதி அனுப்பிவிடுவார்.

பேங்க் மேனேஜர் நல்ல தேர்வு, அபூர்வமாகத்தான் அமைவார். கடன் லிமிட்டை உயர்த்தக் கேட்டபோது மறுத்தவர், இரண்டு காலாண்டு கழித்து நீங்கள் ஸ்டாக் ஸ்டேட்மென்டையும் வராத பாக்கியையும் ஒழுங்குபடுத்திக்கொண்டு போனபோது கொடுத்தவர் என்றால், அது மிக நல்ல கடிதம். கடன் வாங்க வந்து அவர் பார்த்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள், ஒப்பீடு தானாக வரும். பொதுத்துறை வங்கிகளில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றலாகிப் போய்விடுவார்கள் என்பதால் போன் நம்பரைத் தொலைத்துவிடாதீர்கள். மாற்றலாகிப் போனவரிடம் கேட்பதுதான் இன்னும் நல்லது. இப்போதைய மேனேஜரிடம், அதுவும் லிமிட் ரின்யூவல் நடக்கும் மாதத்தில் போய்க் கேட்கவே கூடாது. அவருக்கும் தர்மசங்கடம், உங்களுக்கும் ஆபத்து. நீங்கள் டைரக்டராகக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் போட்டிருந்தால், ஊரைவிட்டுப் போகும் செய்தி முதலில் அப்பா வழியாக முறைப்படி வங்கிக்குப் போவதுதான் சரி.

மெஷின் சப்ளையர், நூல் ஏஜென்ட், ஜாப் ஒர்க் செய்து கொடுப்பவர் எல்லாம் உங்களிடம் பணம் வாங்குபவர்கள். முடியாது என்று சொல்லும் இடத்தில் அவர்கள் இல்லை. கன்சல்டன்ட்டும் பணம் வாங்குபவர்தான், ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வீணைக் குறைக்கும் லீன் உற்பத்திக்கோ, ஈஆர்பிக்கோ, சான்றிதழ் தயாரிப்புக்கோ வந்து ஆறு மாதம் உங்களோடு நின்றவர், அதே வேலையைப் பல கம்பெனிகளில் செய்தவர். முதலாளிகளிடம் குறை சொல்வதுதான் அவருடைய தொழிலே. அவர் எழுதலாம்.

கடைசியாகச் சங்கங்கள். திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம், கோவையில் கொடிசியா, சீமா, சிஐஐயின் யங் இண்டியன்ஸ் கிளை போன்றவற்றில் உறுப்பினர் என்பது மட்டும் எதற்கும் உதவாது. ஒரு துணைக்குழுவில், வேறு குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் தலைமையில், கண்காட்சியையோ பயிற்சித் திட்டத்தையோ தலைமேல் போட்டுச் செய்திருந்தால் அவர் எழுதலாம். திருப்பூரில் இதைவிடக் கனமான இடம் ஒன்று உண்டு. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப் பட்டறைகள் மூடப்பட்டதும், கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாத முறைக்கு ஊரே மாறியதும் எல்லோருக்கும் தெரியும். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பல சாயப் பட்டறைகள் சேர்ந்து நடத்தும் கம்பெனிகள். அங்கே உங்கள் அப்பா முதலாளி கிடையாது, பல பங்குதாரர்களில் ஒருவர். சவ்வு மாற்றும் செலவு, உப்பு மீட்பு, ஆவியாக்கியின் கரண்ட் பில் என்று அந்த போர்டு கூட்டங்களில் நீங்கள் பொறுப்பெடுத்து வேலை செய்திருந்தால், போட்டிக் கம்பெனி முதலாளியான அந்தத் தலைவர் எழுதும் கடிதம் எந்தப் பேராசிரியர் கடிதத்தையும்விட எடை கூடியது. கல்லூரிப் பேராசிரியர்களை, படித்து முடித்து நாலைந்து வருடம் ஆனவர்கள் விட்டுவிடலாம்.

எம்எல்ஏ, அமைச்சர், மில் அதிபர், கலெக்டர் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வீட்டில் பெரியவர்கள் இவர்களைத்தான் சொல்வார்கள், அதில் அன்பு இருக்கிறது, பலன் இல்லை. "இவருடைய குடும்பத்தை முப்பது வருடமாக அறிவேன், நல்ல குடும்பத்துப் பிள்ளை" என்பதைத் தாண்டி அவர்களால் எழுத முடியாது. 300 வார்த்தை இடத்தை அது தின்றுவிடும். அதைவிட, உங்களைப் பற்றி எழுத வேலையிடத்தில் ஒருவர்கூட இல்லையா என்ற சந்தேகத்தைக் கிளப்பிவிடும். அப்பாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். அவர் ஏற்கெனவே போன் போட்டுக் கேட்டுவிட்டால் வேண்டாம் என்று பின்வாங்குவது கஷ்டம், ஆகவே முன்பே சொல்லுங்கள்.

பெயர்க் குழப்பம்

தமிழர்களுக்கு அடிக்கடி வரும் ஒரு சிக்கல் இது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் சர்நேம் இடத்தில் போகிறது. கொங்கு நாட்டில் பழனிசாமி, சுப்பிரமணியம் என்ற பெயர்கள் தெருவுக்கு நாலு. உங்கள் சர்நேம் பழனிசாமி, கடிதம் எழுதும் ஜிஎம் பெயரும் பழனிசாமி என்றால், பாஸ்டனில் உட்கார்ந்து கடிதத்தைப் படிப்பவருக்கு அவர் உங்கள் அப்பா. இப்படி இருந்தால் கடிதத்தின் முதல் வரியிலேயே எங்களுக்குள் உறவு இல்லை என்று அவர் எழுதிவிட வேண்டும், நீங்களும் கூடுதல் தகவல் பகுதியில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. மாமன் மகனுக்கும் உங்களுக்கும் பெயரில் ஒற்றுமையே இருக்காது, யாருக்கும் தெரியாது என்று அவரை மேனேஜர் என்று போட்டு எழுத வைக்கும் ஆசை வரும். செய்யாதீர்கள். இடம் கிடைத்தபின் பல கல்லூரிகள் வெளி நிறுவனங்களை வைத்து வேலை, சம்பளம், பரிந்துரை எல்லாவற்றையும் சரிபார்க்கின்றன. பொய் தெரிந்தால் கொடுத்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

"நீங்களே எழுதிக் கொண்டாங்க தம்பி"

சரியான ஆளைப் பிடித்தபிறகு வரும் பெரிய கண்டம் இதுதான். பாதிப் பேர் சொல்லப் போவது, "நீங்களே எழுதிக் கொண்டாந்துருங்க தம்பி, நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தர்றேன்." அவர் பார்வையில் இது உதவி. நீங்கள் ஒத்துக்கொள்ளக் கூடாது. ஸ்டான்ஃபோர்ட் விதியில் விண்ணப்பிப்பவர் தன் கடிதத்தை வரைவதிலோ, எழுதுவதிலோ, மொழிபெயர்ப்பதிலோ, சமர்ப்பிப்பதிலோ பங்கெடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். விதியை விடுங்கள், நடைமுறையிலும் அது எடுபடாது. ஒருவரே எழுதிய இரண்டு கடிதமும் கட்டுரையும் ஒரே வாடை அடிக்கும். ஒரே பழகிய சொல், ஒரே நீள வாக்கியம், ஒரே மாதிரி கமா. நாள் முழுக்க இதையே படிப்பவர்களுக்கு அது பிடிபட்டுவிடும்.

ஆங்கிலம் வராது என்பதுதான் பெரும்பாலும் உண்மையான காரணம். அதற்கு வழி இருக்கிறது. அவர் தமிழில் பேசட்டும். கேள்விகளைத் தமிழில் விளக்கமாக அவருக்குச் சொல்ல உங்களைத் தவிர வேறொருவர் இருக்கட்டும், அவருடைய மகளோ, அவர் ஆபீசில் மெயில் எழுதுபவரோ, காசு கொடுத்து அமர்த்திய மொழிபெயர்ப்பாளரோ. பேசியதை அந்த வேறொருவர் எழுதி, ஆங்கிலமாக்கி, திரும்பத் தமிழில் படித்துக் காட்டி, சொன்னவர் சரி என்றபிறகு ஏற்றலாம். உங்கள் கம்பெனி ஆபீஸ் ஆள் இதைச் செய்யக் கூடாது. யார் மொழிபெயர்த்தது என்று கடிதத்திலேயே ஒரு வரி இருந்தால் நல்லது. ஆங்கிலம் கொஞ்சம் கரடுமுரடாக இருந்தால் கவலைப்படாதீர்கள். உடைந்த ஆங்கிலத்தில் வரும் ஒரு உண்மையான சம்பவம் போதும்.

லிங்க் அவருடைய சொந்த மெயிலுக்குத்தான் போக வேண்டும். கம்பெனி டொமைனில் மெயில் இருந்தால் அதைக் கொடுங்கள். நம் ஊரில் பெரிய தொழிலதிபர்கள்கூட ஜிமெயில்தான் வைத்திருக்கிறார்கள், அப்படியானால் அதையே கொடுத்துவிட்டு, கம்பெனி முகவரியும் ஆபீஸ் நம்பரும் படிவத்தில் சரியாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்காக நீங்கள் ஒரு புது மெயில் ஐடி திறந்து கொடுப்பது, பாஸ்வேர்டு உங்களிடம் இருப்பது, உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து சப்மிட் செய்ய வைப்பது, மூன்றும் வேண்டாம். ஜிஎம் கடிதத்தை வீட்டிலிருந்து சொந்த லேப்டாப்பில் ஏற்றட்டும். விண்ணப்பத்தில் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று கேட்பார்கள், அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சட்டம் மாணவருக்குக் கொடுத்த உரிமை அது. விட்டுக்கொடுக்கிறேன் என்றே டிக் செய்யுங்கள், கடிதத்தை உங்களிடம் காட்டாமல் எழுதினார் என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

என்ன கொடுக்கலாம், எப்போது

எழுதிக் கொடுக்கக் கூடாது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்று பொருள் இல்லை. ஒரு பக்கத்தில் அவர் நேரில் பார்த்த நாலு வேலைகளை எழுதிக் கொடுங்கள். மாதம், வருடம், எண்ணிக்கை மட்டும், பாராட்டு வார்த்தை வேண்டாம். "2023 ஜூன், மூன்று ஸ்டைல், ஷேடு பிரச்சினை, நீங்கள் திருப்பூர் வந்து பார்த்த ஷிப்மென்ட்" என்றால் அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிடும். கூடவே உங்கள் ரெஸ்யூமே, கல்லூரிகளின் பட்டியல், ஒவ்வொன்றின் கெடு, கேள்விகள், எம்பிஏ எதற்கு, முடித்துவிட்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்று அரைப் பக்கம். பிறகு முக்கால் மணி நேரம் நேரில் உட்கார்ந்து பேசுங்கள். அந்தத் திருத்தக் கேள்வியைத் தனியாகச் சொல்லுங்கள். நம்மவர்கள் அடுத்தவர் பிள்ளையின் குறையை எழுத்தில் வைக்கவே தயங்குவார்கள். "நீங்கள் என்னைத் திட்டியது ஏதாவது ஞாபகம் இருந்தால் அதையே எழுதுங்கள் சார், எழுதாவிட்டால்தான் எனக்குக் கெடுதல்" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். மதிப்பீட்டுக் கட்டத்தில் எல்லாவற்றுக்கும் உச்ச மதிப்பெண் போட்டால் அந்தக் கட்டமே வீண் என்பதையும் சொல்லலாம். எதற்கு எவ்வளவு போட வேண்டும் என்று நீங்கள் சொல்லக் கூடாது.

இரண்டு பேரும் ஒரே சம்பவத்தை எழுதிவிடக் கூடாது. பையர் தரமும் வாக்குத் தவறாமையும் பற்றி எழுதுகிறார் என்றால், ஜிஎம்முக்குக் கொடுக்கும் பக்கத்தில் ஆட்களை நீங்கள் நடத்திய விதம் சம்பந்தப்பட்ட வேலைகளை வையுங்கள். ரெஸ்யூமேயில் உள்ள பதவியும் கடிதத்தில் வரும் பதவியும் ஒத்துப்போக வேண்டும். 23 வயதில் டைரக்டர் என்று போட்டிருப்பீர்கள், கம்பெனிச் சட்டப்படி அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஜிஎம் கடிதத்தில் கொள்முதலில் உதவியாளராக ஆரம்பித்தார் என்று வரும். ரெஸ்யூமேயிலும் அதையே எழுதுங்கள், அது உங்களுக்குப் பெருமைதான்.

கால அளவு என்று பார்த்தால், செப்டம்பர் முதல் ரவுண்டுக்கு மே மாதம் ஆளை முடிவு செய்து, ஜூனில் கேட்டு, ஜூலையில் உட்கார்ந்து பேசி, ஆகஸ்ட் முதல் வாரம் லிங்க் அனுப்ப வேண்டும். உண்மையான கெடுவுக்குப் பத்து நாள் முந்தைய தேதியை அவரிடம் சொல்லுங்கள். ஜனவரி ஆரம்பத்தில் முடியும் இரண்டாவது ரவுண்டு என்றால் வெளிநாட்டு பையர் டிசம்பர் 20க்குமேல் கிறிஸ்துமஸ் விடுமுறையில் போய்விடுவார், அவருக்கு டிசம்பர் 10தான் கெடு. உள்ளூர்க்காரர்களுக்குத் தீபாவளி போனஸ், பட்டுவாடா வாரத்தைத் தவிருங்கள். லிங்க் ஸ்பேமில் விழும், அனுப்பிய அன்றே போன் போட்டுச் சொல்லுங்கள். கல்லூரிக்கு ஒரு படிவம் என்பதால் ஐந்து கல்லூரிக்கு மேல் ஒருவரைக் கேட்பது அநியாயம். ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட், இன்சியாட் இரண்டு கடிதம் கேட்கின்றன, எம்ஐடி ஸ்லோன் ஒன்றுதான் கேட்கிறது, ஆனால் நிறுவனத்தில் யாருக்குக் கீழே யார் என்ற வரைபடமும் சேர்த்துக் கேட்கிறது. அந்த வரைபடத்தில் அப்பா, பெரியப்பா, நீங்கள் என்று உறவையும் எழுதியே போடுங்கள். எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால் விண்ணப்பிக்கும் வருடத்துப் பக்கத்தைப் படித்துவிட்டு ஆட்களை முடிவு செய்யுங்கள்.

மேலதிகாரியிடம் ஏன் வாங்கவில்லை என்பதைக் கூடுதல் தகவல் பகுதியில் சொல்லிவிட வேண்டும். நாலு வரி போதும். நான் ரிப்போர்ட் செய்வது என் தந்தைக்கு. அதனால் இன்னாரையும் இன்னாரையும் தேர்ந்தெடுத்தேன். முதலாமவர் இந்த வருடத்திலிருந்து இந்த வருடம் வரை என் வேலையை இப்படி மேற்பார்த்தார், இரண்டாமவர் இப்படி. இருவரும் உறவினர் அல்ல. மன்னிப்புக் கேட்கும் தொனியே வேண்டாம்.

பெண் பிள்ளைகளுக்கு

குடும்பத் தொழிலில் மகள் செய்யும் வேலை பல வீடுகளில் காகிதத்தில் ஏறுவதில்லை. காஸ்டிங், அதாவது விலைக் கணக்கு, முழுக்க அவர் பார்ப்பார், பையர் மெயிலுக்குப் பதில் அவர் எழுதுவார், ஆனால் மெயில் போவது அப்பா ஐடியிலிருந்து. சம்பளப் பட்டியலில் பெயர் இருக்காது, பேங்கில் கையெழுத்து இருக்காது. பரிந்துரை கேட்கப் போனால், "பாப்பாவா இதையெல்லாம் பார்த்தது?" என்று பையரே ஆச்சரியப்படுவார். விண்ணப்பிக்க ஒன்றரை வருடம் இருக்கும்போதே இதை மாற்ற ஆரம்பியுங்கள். உங்கள் பெயரில் கம்பெனி மெயில், சம்பளம், அதற்கு பிஎஃப். விசிட்டிங் கார்டில் பதவி. பையர் கூட்டத்தில் அப்பா பக்கத்தில் உட்காராமல், ஒரு ஆர்டரை ஆரம்பம் முதல் ஷிப்மென்ட் வரை நீங்களே பேசி முடிப்பது. பேங்கில் உங்களுக்கும் அதிகாரம் கொடுக்கும் போர்டு தீர்மானம். இத்தனையும் இருந்தால்தான் வெளியாள் ஒருவர் உங்களைப் பற்றிச் சாட்சி சொல்ல முடியும். மகன்களுக்கும் இது பொருந்தும், ஆனால் அவர்களுக்குப் பெரும்பாலும் கேட்காமலே கிடைத்துவிடுகிறது.

கடிதம் போனபிறகு, கல்லூரி தரப்பிலிருந்து அவர்களுக்கு மெயிலோ போனோ வரலாம் என்று சொல்லி வையுங்கள். இடம் கிடைத்துச் சில மாதம் கழித்துக்கூட, கேள்விப்படாத ஏதோ சரிபார்ப்பு நிறுவனத்தின் பெயரில் அது வரும், விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடுவார்கள். ஜிஎம் வேலை மாறியிருந்தால் புது நம்பரையும் மெயிலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.